வீட்டுக்குள் போட்ட ஷால்

முடி கொட்டும் என்று டாக்டர் சொன்ன நாளுக்கும் முடி கொட்டிய நாளுக்கும் நடுவில் எனக்குப் பதினேழு நாட்கள் கிடைத்தன. அதற்குள் தலையில் கட்டப்போகிற ஷால்களுக்காக லேப்டாப்பில் ஒரு ஷீட் போட்டுவிட்டேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எது எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதுவதற்குத்தான் சம்பளம். ஷீட்டில் ஐந்து கட்டங்கள்: துணி, வழுக்குமா, வேர்க்குமா, உறுத்துமா, குண்டூசி நிற்குமா.

கணவர் சவூதியில் இருக்கிறார். கோட்டைப்பட்டினத்து வீட்டில் நானும் இரண்டரை வயது மகளும் கணவரின் அக்காவும்தான். அவரை நான் மச்சி என்று கூப்பிடுவேன். மகளுக்கு அவர் மாமி.

கீமோ ஆரம்பித்தது தெரிந்து பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "மத்தவங்க பாடுதான் கஷ்டம். நமக்கென்னம்மா, எப்படியும் முக்காடு போடத்தானே போறோம். வெளியில ஒரு ஆளுக்குத் தெரியாது." எனக்கும் அது சரியாகவே பட்டது. பன்னிரண்டு வயதிலிருந்து ஷால் கட்டிப் பழகியவள். தலையை மூடுவது பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நினைத்தேன்.

மச்சியோடு அறந்தாங்கிக்குப் போய் ஷால் எடுத்தேன். மூன்று மென்மையான பருத்தி, இரண்டு பனியன் துணி, ஒரு ஜார்ஜெட், உள்ளே போட ஐந்து தொப்பி. ஒவ்வொன்றையும் புறங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். கடையில் இருந்த பெண் பொறுமையிழந்து கேட்டார்.

"கல்யாணப் பொண்ணுக்கா எடுக்குறீங்க? இப்புடித் தேடுறீங்களே."

"ஆமா, இந்தா நிக்கிறாள்ல, இவளுக்குத்தான்" என்றார் மச்சி. "மாப்பிள்ளை பழசு. ஷால் மட்டும்தான் புதுசு."

கடைப்பெண் சிரித்து, இரண்டு குண்டூசி அட்டைகளை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

பதினேழாம் நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளு செய்தேன். ஈரக் கையால் தலையைத் தடவி எடுத்தபோது விரல்களுக்கு நடுவே முடி கற்றையாக வந்திருந்தது. இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மச்சி வந்து குழாயை மூடிவிட்டு, "தொழுதுட்டு வா, எடுத்துருவோம்" என்று மட்டும் சொன்னார். மகள் தூங்கும் நேரம் பார்த்துக் கொல்லைப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்து ட்ரிம்மரால் எடுத்தார். விழுந்ததை எல்லாம் பேப்பரில் கூட்டி அள்ளித் தென்னைக்கு அடியில் புதைத்தார். இரண்டு பேருமே அழவில்லை. எல்லாம் ஷீட்டில் இருந்தபடியே நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகள் எழுந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா எங்க?" என்று என்னிடமே கேட்டாள்.

"இந்தாதானே இருக்கேன் தங்கம்."

குரலைக் கேட்டதும் இன்னும் பயந்துவிட்டாள். மச்சியின் சேலைக்குள் புகுந்துகொண்டு, "அம்மாவக் கூப்புடு மாமி, அம்மாவக் கூப்புடு" என்று கத்தினாள். நான் உள்ளே ஓடி, தொப்பி போட்டு, பனியன் துணி ஷாலைச் சுற்றிக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷமாக உள்தொப்பியைப் பிடித்து வைத்திருந்தது என் கொண்டைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. வழவழத்த தலையில் தொப்பி வட்டமாகச் சுற்றியது. ஒரு கையால் அதைப் பிடித்தபடி மகள் முன்னால் நின்றேன்.

முகம் மலர்ந்து ஓடி வந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பி, வாசலுக்குப் போய்த் தன் செருப்பை இடது வலது மாற்றி மாட்டிக்கொண்டாள்.

"நானும் வாரேன்."

"அம்மா எங்கயும் போகல."

"நானும் வாரேன்!" காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

விளையாட்டு என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள் கக்கூஸுக்குப் போனாலும் கதவைத் தட்டினாள். மூன்றாம் நாள் செருப்போடுதான் தூங்குவேன் என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் பிறந்ததிலிருந்து நான் ஷால் போட்டால் வெளியே போகிறேன் என்று அர்த்தம். ஆஸ்பத்திரி, பேங்க், அறந்தாங்கி பஸ். வந்ததும் முதலில் கழற்றுவேன். கழற்றினால் அம்மா வந்துவிட்டாள். தொழுகைக்குப் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டி அவளுக்கு வேறு கணக்கு. அது பாயோடு சேர்ந்தது, பாயைச் சுருட்டினால் முடிந்தது. ஷால் அப்படியில்லை.

வீட்டுக்குள் தலை திறந்திருந்தால் நான் அவள் அம்மா இல்லை. மூடியிருந்தால் அவளை விட்டுப் போகப்போகிற அம்மா. ஐந்து கட்டத்தில் இது எந்தக் கட்டத்திலும் வரவில்லை. வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதைத்தான் எல்லோரும் யோசித்தோம். எங்கள் வீடுகளில் முடி என்பதே வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு உரியது என்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

கணவரின் தொழுகைத் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன்.

"ஏன்டி, பள்ளிவாசல்ல தொழ வைக்கப் போறியா?" என்று மச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகளும் சிரித்தாள். "அத்தா தொப்பி" என்று மடியில் ஏறினாள். ஒரு மதியம் முழுக்க நன்றாகப் போனது. சாயங்காலம் விளையாட்டாகத் தொப்பியைப் பிடுங்கினாள். வெறும் தலையைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றது. இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கணவர் வீடியோவில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் வந்துரவா?" என்றார்.

"வந்து?"

அதற்குப் பிறகு சாப்பிட்டாயா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டோம்.

பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. காலையில் அவள் பார்க்கும்படி ஷாலைக் கட்டுவேன். "அம்மா எங்கயும் போகல" என்று சொல்வேன். போகாமல் இருப்பேன். செருப்பை மாட்டினால் மாட்டட்டும். அடுத்த அறைக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வருவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுதாள் என்று அதே ஷீட்டில் புது வரி போட்டு எழுதினேன். பதினொன்று. ஒன்பது. ஒன்பது. ஐந்து. இரண்டு.

அடுத்த கீமோவுக்கு முந்தைய நாள் அவள் ஒரு தடவைகூட அழவில்லை. நான் ஷால் கட்டியதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பொம்மைக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள். ஷீட்டில் அந்த வரியை முடிந்தது என்று குறித்தேன். பல நாளைக்குப் பிறகு பசியோடு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூருக்குக் கார் வந்தது. மருந்து ஏற்றி, ஓர் இரவு அங்கேயே இருந்து, மறுநாள் மதியம்தான் திரும்ப முடியும். துணைக்கு என் தம்பி வந்திருந்தான். மகள் விழித்துத்தான் இருந்தாள். பருத்தி ஷாலைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்தேன். போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள்தான் சொன்னாள், என்னைப் போலவே இழுத்து, பொம்மையிடம்:

"அம்மா எங்கயும் போகல."

மச்சி என்னைப் பார்த்தார். தம்பி, "கெளம்புக்கா, அழாம இருக்கும்போதே கெளம்பிரு" என்றான். அவள் நெற்றியில் முத்தமிட்டேன். கிளம்பிவிட்டேன். அவள் திரும்பவில்லை.

மதியம் வரை விளையாடியிருக்கிறாள். பிறகு ஓர் அறை விடாமல் தேடியிருக்கிறாள். அழவில்லை என்று மச்சி போனில் சொன்னார். "அழுதாத்தான் தேவல. சும்மா தேடிக்கிட்டே இருக்கா. பீரோவத் தொறக்கச் சொல்றா. நீ ஒன்னும் நெனைக்காத, மருந்து ஏறட்டும்." மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. அதை வேகமாக விட்டுக்கொள்ளவும் முடியாது, பிடுங்கிவிட்டு எழுந்து வரவும் முடியாது.

திரும்பி வந்தபோது அவள் என்னிடம் வந்தாள். தூக்கச் சொன்னாள். தோளில் சாய்ந்துகொண்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே பட்டது.

இப்போது என் ஷாலைப் பார்த்து அவள் அழுவதில்லை, செருப்பையும் எடுப்பதில்லை. நான் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள், அவ்வளவுதான். "அம்மா எங்கயும் போகல" என்று நேற்றுக் காலை சொன்னேன், அது உண்மையும்கூட. எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"மாமி, அம்மா போவுதா?"

வியாழக்கிழமை அடுத்த மருந்து. மச்சி அரிசியைக் களைந்த கையோடு நின்று, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சைகை காட்டவில்லை. எதைக் காட்டுவது?

"இன்னைக்குப் போகல தங்கம்" என்றார்.

இன்றைக்கு, நாளைக்கு என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் தெரியாது. மச்சி திரும்பி உலையில் அரிசியைப் போட்டார். மகள் அங்கேயே நின்று, சொன்னது மெய்தானா என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவில்லை.