அஜ்மானுக்குக் கொண்டுபோன ஒயின்

வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றேகால் மணி. துபாயில் அல் குசைஸ் பகுதியில் என் மைத்துனன் ரகு குடியிருந்த கட்டடத்தின் முன்னால் காதர் பாய் வெள்ளை டொயோட்டாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜும்மா தொழுகை முடிந்து நேரே வந்திருந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எண்பதுகளின் பின்பாதி, ஜூன் மாதம். கட்டடத்து வாசலிலிருந்து காருக்குப் பத்தடிதான். அந்தப் பத்தடிக்குள் என் மூக்குக்கண்ணாடி சுட்டது.

இந்தப் பயணத்தைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பாளையங்கோட்டையில் நான் வேதியியல் கற்பித்த கல்லூரியின் ஆண்டு மலரில் நான்கு பக்கம் வந்தது. கடலின் நிறம், பச்சை மீன் தின்றது, சாலைகளின் அகலம் எல்லாம் அதில் இருந்தன. காதர் பாய் இல்லை. "வாடகைக் காரில் சென்றோம்" என்று எழுதியிருந்தேன். எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. விட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காதர் பாய் காயல்பட்டினத்துக்காரர், ரகுவின் கம்பெனி டிரைவர். நாற்பது வயதிருக்கும். லீவு நாளில் எங்களை ஓட்டிப் போக வேண்டிய அவசியம் அவருக்கில்லை. "நம்ம ஜில்லாக்காரர், வாத்தியார் வேற" என்று என்னைப் பார்க்க வந்தவர், நான் அஜ்மான் போக ஆசைப்படுவதைக் கேட்டுத் தாமாகவே ஒப்புக்கொண்டார். ரகுவுக்கு ஓட்டுநர் உரிமம் இல்லை.

"ஆறு தடவ டெஸ்டுக்குப் போயிட்டாரு சார். இப்பல்லாம் அந்த போலீஸ்காரரே இவரப் பாத்ததும் எந்திரிச்சு சலாம் சொல்லுதாரு" என்றார் காதர் பாய்.

"ஏழாவது தடவ பாருங்க பாய்" என்றான் ரகு.

நாங்கள் போகவிருந்த உணவகம் துபாயிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, அஜ்மான் கடற்கரையில் இருந்தது. மாலி என்ற தாய்லாந்துப் பெண்ணும் தனாகா என்ற அவளுடைய ஜப்பானியக் கணவரும் தங்கள் வீட்டின் முன்கூடத்தில் ஆறு மேசை போட்டு நடத்தினார்கள். அவள் சமையல் ஒரு பக்கம், அவருடைய பச்சை மீன் சுஷி ஒரு பக்கம். அங்கே மது விற்பதில்லை. வேண்டுமென்றால் வருகிறவர்கள் தங்கள் பாட்டிலைக் கொண்டுவரலாம். ரகு தொலைபேசியில் கேட்டபோது, "போன முறை போல விஸ்கி கொண்டுவராதே, என் சமையல் செத்துப்போகும். லேசாக இனிக்கும் ஜெர்மன் வெள்ளை ஒயின் கொண்டுவா. ஜில்லென்று இருக்கட்டும்" என்று மாலி சொல்லியிருந்தாள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் போலீஸ் தரும் மது பெர்மிட் ரகுவிடம் இருந்தது. அதைக் காட்டி துபாய்க் கடையில் இருபத்தெட்டு திர்ஹத்துக்கு அந்த ஒயினை வாங்கிவிட்டான். சிக்கல் வழியில் இருந்தது. அஜ்மானுக்கு ஷார்ஜாவைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷார்ஜாவில் மது கூடாது, காரில் வைத்துக் கடந்துபோவதுகூடக் குற்றம். துபாய் பெர்மிட் அங்கே செல்லாது. முஸ்லிம் ஓட்டும் வண்டியில் பிடித்தால் ஓட்டியவருக்குச் சிறை, பிறகு விசா ரத்து.

இதையெல்லாம் ரகு எனக்குச் சொன்னான். "வேண்டாம் அத்தான், சும்மா போயிச் சாப்பிட்டுட்டு வருவோம்" என்றும் சொன்னான். ஒயினை என் மனைவி எனக்குக் கட்டிக்கொடுத்திருந்த காபி ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொள்ளலாம், குளிர்ச்சியும் போகாது என்று யோசனை சொன்னவன் நான்தான். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க். பாட்டில் முழுவதும் அதில் அடங்கியது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

காரில் ஏறும்முன் காதர் பாய் தயங்கி நின்றார். "சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. ஷார்ஜா வழியா போறோம். அந்த மாதிரி சரக்கு ஏதும் வண்டியில இல்லையே?"

ரகு என்னைப் பார்த்தான். நான் ஃபிளாஸ்கை உயர்த்திக் காட்டி, "காபிதான் பாய்" என்றேன்.

"நீங்க சொன்னாப் போதும்" என்று எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஒன்றரை மணிக்கு ஷார்ஜா எல்லை. எல்லை என்று கோடு ஏதும் இல்லை. சாலை அப்படியே போகிறது. இரண்டு பக்கமும் மணல், நடுவில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள், ஒவ்வொன்றின் காலடிக்கும் போகும் தண்ணீர்க் குழாய். தாமிரபரணிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கடல்நீரைக் காய்ச்சி உப்பு நீக்கி மரத்துக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டுகிறார்கள் என்பதை நம்ப முடியவில்லை. பதினைந்து வருடம் முன்னால் இங்கே சாலையே கிடையாது என்றார் காதர் பாய்.

ஒரு ரவுண்டானாவில் போலீஸ் ஜீப் நின்றது. வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். இளம் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார். காதர் பாய் அட்டைகளைக் கொடுத்தார். போலீஸ்காரரின் கண் என் மடிக்கு வந்தது. அது என்ன என்று அரபியில் கேட்டார்.

"கஹ்வா" என்றார் காதர் பாய். காபி.

திற என்று கையால் காட்டினார்.

என் விரல்கள் மூடியின்மேல் இருந்தன. அசையவில்லை. விருந்தாளியை அவமதிக்கிறார்களே என்று காதர் பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டீரிங்கிலிருந்து வலது கையை எடுத்து நெஞ்சில் வைத்தார். "வல்லாஹி, மாஃபி ஷராப்" என்றார். அல்லாஹ்மேல் ஆணை, மது இல்லை. பிறகு என்னைக் காட்டி, "ஹாதா உஸ்தாத்" என்றார். இவர் ஆசிரியர்.

போலீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்தார், சட்டைப் பையில் எட்டிப்பார்த்த தொப்பியைப் பார்த்தார். அட்டைகளைத் திருப்பித் தந்தார். "யல்லா" என்று போகச் சொல்லிக் கையசைத்தார்.

"ஆண்டவன் பேரச் சொன்னா நம்பிருவாங்க சார். யாரும் பொய்க்குச் சொல்ல மாட்டோம்லா" என்றார் காதர் பாய், பக்கத்திலிருந்த என்னைப் பார்த்துச் சிரித்தபடி. நானும் சிரித்தேன்.

இரண்டு மணிக்கு அஜ்மான். மாலியின் வீட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பியதும் கடல். அப்படி ஒரு நிறத்தை நான் ஆய்வுக்கூடத்தில்தான் கண்டிருக்கிறேன். மயில்துத்தக் கரைசலில் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வரும் நீலம் அது. அலை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. காதர் பாய் காரை நிழலில் போட்டுவிட்டு அங்கேயே இருந்துகொள்வதாகச் சொன்னார். நாங்கள் உள்ளே போனோம். ஆளுக்கு நாற்பத்தைந்து திர்ஹம்.

மாலி குட்டையான பெண், ஐம்பதை நெருங்கியவள். ஃபிளாஸ்கிலிருந்து ஒயின் வருவதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். முதலில் பப்பாளிக்காயைச் சீவி, காந்தாரி மிளகாய் போலிருந்த மிளகாயோடு உரலில் இடித்த கலவையைக் கொண்டுவந்தாள். நான் காரத்துக்குப் பழகியவன் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது வாயிலேயே காது அடைத்தது. "இப்போது குடி" என்றாள். குடித்தேன். காரம் அணையவில்லை, விலகி நின்றது. அது விலகிய இடத்தில் எலுமிச்சை வந்தது, பிறகு வறுத்த வேர்க்கடலை, பிறகு பப்பாளிக்காயின் பச்சை வாசனை. இவையெல்லாம் முன்பே வாயில்தான் இருந்திருக்கின்றன. ஒயின் வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இருபது வருடமாகச் சேர்மங்களைப் பற்றிப் பேசியவன், இரண்டு பொருள்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் நாக்கால் தெரிந்துகொண்டேன்.

அடுத்து எலுமிச்சைப்புல் போட்ட இறால் சூப். அதன் பிறகு தனாகா வந்து எங்கள் எதிரிலேயே பலகையை வைத்து மீனை நறுக்கத் தொடங்கினார். நான் சூரை மீனைக் காட்டினேன். தூத்துக்குடியில் பார்த்துப் பழகிய மீன். அவர் என் கோப்பையைக் காட்டி விரலை ஆட்டினார். "இதோடு சூரை சேராது. இரும்பு நக்கியது போல இருக்கும். முதலில் வெள்ளை மீன்" என்றார்.

அந்த நேரத்தில்தான் மாலி வெளியே போய், வேண்டாம் வேண்டாம் என்றவரை இழுக்காத குறையாகக் காதர் பாயைக் கூட்டிவந்தாள். சாப்பிடுகிற வீட்டின் வாசலில் ஒரு ஆளை வெக்கையில் உட்கார வைப்பது அவர்கள் ஊரில் வழக்கமில்லையாம். சிரித்துக்கொண்டே வந்தவர் எங்கள் மேசையருகே நின்றார். என் கையில் கோப்பை. பக்கத்தில் மூடி திறந்த ஃபிளாஸ்க்.

"சார், அதுல காபின்னு சொன்னீங்க."

"இல்லை பாய்" என்றேன்.

அவர் தம் வலது கையை ஒருமுறை பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

நான் எழுந்து பின்னால் போயிருக்க வேண்டும். தனாகா அப்போதுதான் ஒரு விரல் அளவு சோற்றின்மேல் கண்ணாடி போன்ற மீன் துண்டை வைத்து என் முன்னால் நகர்த்தினார். நான் அதைத் தின்றேன். ஒயினைக் குடித்தேன். காடி கலந்த சோறும், எந்த வாடையும் இல்லாத அந்தப் பச்சை மீனும், குளிர்ந்த இனிப்பும் சேர்ந்து வாயில் கரைந்தன. வெட்கத்தால் ருசி கெட்டுப்போனது என்று எழுத ஆசைதான். கெடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. எட்டுத் துண்டுகளையும் தின்று, கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். காதர் பாய் மாலி அனுப்பிய தட்டைத் தொடவில்லை.

நான்கு மணிக்குத் திரும்பினோம். ரகு ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தான். "ரகு சார், கொஞ்ச நேரம் சும்மா வாங்க" என்றார் காதர் பாய்.

ரவுண்டானா தாண்டியதும் நான் பேசினேன். "போலீஸ் பிடித்திருந்தால் என்னுடையது என்று சொல்லியிருப்பேன் பாய்."

"சொல்லியிருப்பீங்க. உங்கள ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. நீங்க எப்படியும் திங்கக்கிழமை ஊருக்குப் போறவங்கதான்" என்றார். கொஞ்சதூரம் போன பிறகு, "வேல போனா வேற வேல பாத்துக்கிடலாம் சார். நான் யார் பேரச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டுத்தான பக்கத்துல உக்காந்திருந்தீங்க?"

மடியிலிருந்த காலி ஃபிளாஸ்கைக் காலடியில் இறக்கி வைத்தேன்.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு விமான நிலையம் போக வேறு வண்டி பிடிக்கலாம் என்றிருந்தோம். காதர் பாயே வந்தார். ரகுவின் மனைவி கொடுத்த மோரை வேண்டாம் என்றார். அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ரகு கேட்ட பிறகுதான் நோன்பு என்றார். மூன்றாவது நாள்.

"பள்ளிவாசல்ல கேட்டேன் சார். தெரியாமச் சொன்ன சத்தியத்துக்குக் குத்தமில்லன்னுதான் சொன்னாங்க. என் மனசு கேக்கல. சத்தியம் தவறினவன் பத்து ஏழைக்குச் சோறு போடணும், முடியாட்டி மூணு நோன்பு வைக்கணும். நான் நோன்பு வச்சுட்டேன்."

"அந்தப் பத்துப் பேருக்கும் நான் போடுகிறேன் பாய்."

"தாராளமாப் போடுங்க. ஆனா சொன்னது என் வாய்லா சார். உங்க சோறு அதுக்கு எப்படி ஆகும்?" அவர் குரலில் கோபம் இல்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ரகுவைப் பார்த்தார். "உங்க லைசென்ஸுக்காக நாலாவதா ஒண்ணு வைக்கலாம்னு பாக்கேன். ஒண்ணுல முடியிற காரியமான்னுதான் யோசன." நாங்கள் மூவரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிக்கத் தகுதியில்லை. போகும்போது அவர் என் கையைப் பிடித்து சலாம் சொன்னார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. கடிதம் எழுதவும் தைரியம் வரவில்லை.

ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் விமானம் கிளம்பியது. மேலிருந்து பார்த்தபோது வீடுகள் முடிந்த இடத்தில் மணல் தொடங்கிற்று. அந்த வெக்கைக்குள் அவர் வண்டியோட்டித் திரும்பிக்கொண்டிருப்பார். விமானம் கிழக்கே போவதால் எனக்குச் சூரியன் சீக்கிரமே இறங்கியது. ஜன்னல் இருண்டபோது, துபாய் நேரம் காட்டிய என் கடிகாரத்தில் ஏழாக ஐந்து நிமிடம். பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். துபாயில் நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரம் தட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.