நான் பார்க்காத பூதம்

எண்பதுகள்ல மூணு பாகமா வந்து எங்களைக் கிறுக்குப் பிடிக்க வெச்ச மாயாஜாலப் படம். இப்ப அதுல பூதத்தை ஏவி விட்ட மந்திரவாதிக்கு மட்டும் தனிப்படம் எடுத்திருக்காங்க.

"வீட்லயே எவ்ளோ நாளு உக்காந்துகினு இருப்பீங்க மாமா?"ன்னு அக்கா பொண்ணு இன்னைக்கு அதைப் பார்க்க விழுப்புரத்துக்கு இழுத்துக்கினு போச்சு. அக்கா தவறி ஆறு மாசம் ஆவுது.

வெளிய வரும்போது கேட்டுச்சு: "பழைய பூதம் நல்லா இருந்துச்சா, இதுவா மாமா?"



அந்தக் காலத்துல கெடார் ஊரு டென்ட்டு கொட்டாயில ஆம்பள பக்கம், பொம்பள பக்கம்னு நடுவுல குட்டைச் சுவர் இருக்கும். பூதம் வர்ற நேரம் அந்தாண்டயிருந்து அக்கா கத்தும்.

"டேய் குமாரு, கண்ண மூடிக்கடா!"

கொட்டாயே சிரிக்கும். "போயிடுச்சு, தொறடா"ன்னு அக்கா சொல்ற வரைக்கும் நான் தொறக்க மாட்டேன். மூணு பாகத்துலயும் அந்தப் பூதத்தை நான் பார்த்ததே இல்ல.

இன்னைக்குப் பூதம் வந்தப்ப யாரும் கத்தல. நானாவே கண்ணை மூடிக்கிட்டேன். தொறக்கச் சொல்லத்தான் ஆள் இல்ல.

பழைய பூதத்தைப் பார்த்தவங்க இங்க நிறைய பேரு இருப்பீங்க. எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க.