ஒன்றும் நடக்காத நாளின் கேமரா

நான் பார்க்காத வேலையே இல்லை என்பாள் அம்மா. விருதுநகர் கேபிள் சேனலில் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தேன். சென்னைக்குப் போய் ஒரு டிவி கம்பெனியில் எடிட்டிங் செய்தேன். கீபோர்டு வாசிக்கத் தெரியும் என்பதால் விளம்பரங்களுக்கு இசை போட்டேன். ஆடி வந்தால் இருக்கன்குடி மாரியம்மன் பாட்டுகளும் உண்டு. இப்போது ஊரிலேயே சொந்தமாக யூடியூப் சேனல். "ஒரு எடத்துல உருப்படியா உக்கார மாட்டியா?" என்று இன்றும் கேட்கிறாள்.

சென்னையில் இருந்தபோது எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் திரையில் வந்தால் அது பட்டாசு ஆலை வெடிவிபத்துச் செய்திதான். அந்தப் படங்களை வெட்டி ஒட்டியவள் நான். பின்னால் ஓடிய சோக இசையும் என் கீபோர்டில் பிறந்ததே. ஒவ்வொரு விபத்துக்கும் அதே துண்டைப் போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் தங்கை விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறாள். அவளும் அவள் கூட்டாளிகளும் வேலை முடிந்து வேனில் அடிக்கும் கேலிக்கு முன்னால் எந்த டிவி காமெடியும் நிற்காது. அதை ஒருத்தரும் காட்டவில்லையே என்ற கோபத்தில்தான் சேனலைத் தொடங்கினேன்.

தங்கை வேலை செய்யும் ஆலையின் முதலாளியிடம் அனுமதி கேட்டேன். உள்ளே செல்போனுக்கே தடை. கேமராவுக்கு வாய்ப்பே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று, வேலை முடிந்து வருகிறவர்களை எடுத்துக்கொள் என்றார். ஒரு சாயங்காலம் ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினேன்.

ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாரோ பார்த்து ஊருக்குள் சொல்லிவிட்டார்கள். ஆலை வாசலில் டிவிக்காரர்கள் நின்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். உள்ளே இருப்பவர்களுக்குப் போன் போட்டுக் கேட்கவும் வழியில்லை. கொஞ்ச நேரத்தில் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் கேட்டைப் பிடித்து உலுக்கினார். வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் நம்பவில்லை. அந்தக் கூட்டத்தில், காலில் செருப்பில்லாமல், என் அம்மா.

"ஏ புள்ள, இருக்காளா?" என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"இருக்காம்மா. ஒண்ணுமே நடக்கல. நான் சும்மா படம் எடுக்க வந்தேன்."

நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. தங்கை தூக்குவாளியோடு வெளியே வந்த பிறகுதான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "செத்தாத்தான வருவீக. இன்னைக்கு எதுக்கு வந்தீக?"

எனக்கும் அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. இந்த ஜனங்களுக்குக் கேமராவை இப்படிப் பழக்கிவைத்தது என் தொழில்தானே.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முடிவாகச் சொன்னாள்: "இனிமே அங்கன கேமராவத் தூக்கிட்டுப் போவாத."

"போவேன். அதப் பாத்து நீங்க ஓடி வர்றத நிறுத்துற வரைக்கும் போவேன்."

தெருத்தெருவாக, கடைகடையாகச் சொல்லி வைத்தேன்: இனி திங்கள்கிழமைகளில் ஆலை வாசலில் கேமரா நின்றால் அது நான்தான், பயப்பட வேண்டாம். முதல் வாரங்களில் அப்படியும் சிலர் வந்து, தள்ளி நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் விடவில்லை. தங்கை தன் கூட்டாளிகளை ஒவ்வொருவராக இழுத்து வந்தாள். கையில் ஒட்டும் வெடிமருந்துக் கறைக்கு எந்த சோப்பு, யார் வீட்டுக்காரரின் குறட்டை பெரிது என்று பேசினார்கள். பழைய சோக இசையை அழித்துவிட்டு, வேன் ஹாரனையும் அவர்கள் சிரிப்பையும் வைத்துப் புது இசை போட்டேன்.

தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஒரு திங்கள், வாசலில் நிற்கும்போது அம்மாவின் போன் வந்தது.

"ஆலை வாசல்ல கேமரா நிக்குதாம்ல?"

"ஆமாம்மா."

"வர்றப்ப தக்காளி வாங்கிட்டு வா. பழுத்ததாப் பாத்து வாங்கு."