என் பெயரில் ஓடிய நாடி

போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு இரண்டு வாரம் முன்னால், குமாரபாளையத்தில் எங்கள் தறிப்பட்டறையில் தொடங்கியது இது. தப்பு செய்தது நான்தான். பூசி மெழுகி எழுத எனக்கு வராது.

சேலத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டாக்டர். இன்னொருத்தி இன்ஜினியரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். விசைத்தறி ஓட்டுகிறவர்களின் இதயத்தைப் பற்றிக் கணக்கெடுக்கிறார்களாம். கையில் ஒரு கறுப்புப் பட்டையை ஏழு நாள் கட்டியிருக்க வேண்டும். நாடித்துடிப்பு, நடை, உட்காருவது, தூங்குவது எல்லாம் அதில் பதியும். இப்படிப் பல பேருடைய பதிவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, நல்ல இதயம் எப்படி ஓடும், கெட்டுப்போனது எப்படி ஓடும் என்று அதைப் பழக்குவார்களாம். பிறகு புதிதாக ஒருவர் வந்தால், நோய் முற்றுவதற்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"இதுக்கு எதுக்கு அம்மிணி கம்ப்யூட்டரு? ஒரு ஆளைப் பாத்தாப் போதும், என்ன நோவுன்னு நானே சொல்லிப்போடுவேன்" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கி, பட்டையைக் கட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே சனியன் ஆரம்பித்தது. அறுந்த இழையை முடியக் கையை விட்டால் பட்டை நூலில் மாட்டியது. ஒரு இழையை முடியப் போய் பதினைந்து இழை அறுந்தது. கழற்றி வீசியிருப்பேன். கையெழுத்துப் போட்டுத் தொலைத்திருந்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டார். நூல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். ஏழெட்டு மாதமாக அவருக்கு அதுதான் உத்தியோகம். நூல் எடுத்துவரப் போனால் வழியில் உட்காருவார், வந்து இறக்கியதும் உட்காருவார். கேட்டால் "வெயிலு புள்ள" என்பார். மார்கழியிலும் அதே வெயில்தான்.

"ஏனுங்க, சும்மாதான உக்காந்திருக்கறீங்க? இதையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. உங்களாலயும் ஒரு பிரயோசனம் இருக்கட்டும்."

"தப்பில்லையா புள்ள?"

"கையின்னா கைதான? நாடி எல்லாருக்கும் ஒண்ணுதான் ஓடும்."

ஏழு நாள் கழித்து வந்த பெண், "ஒழுங்காக் கட்டியிருந்தீங்களா அக்கா?" என்று கேட்டாள். "கழட்டவே இல்ல அம்மிணி" என்றேன். பொய்யில்லை. அவர் கழற்றவில்லை.

நாலு நாளில் போன் வந்தது. "அக்கா, உங்க பதிவு சரியில்ல. நாளைக்கே வந்துருங்க. தனியா வராதீங்க."

மாற்றிக் கட்டியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவருக்கு வியாதி இருக்கும் என்று தோன்றவே இல்லை. அவருக்கு என்ன வியாதி? உடம்பு வளையாத வியாதி. துணைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தரம் நின்றார். "கூப்பிட்டது என்னையத்தான். நீங்க எதுக்கு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நின்னு நின்னு வாரீங்க?" என்று கத்தினேன்.

எனக்கு உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண் குழம்பிப்போய்க் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்கக்கா, காலையில எட்டு மணிக்குத்தான் எந்திரிக்கறீங்க. மத்தியானம் மூணு மணி நேரம் அசையவே இல்ல. ஒரு நாள்ல பாதி நேரம் உக்காந்தேதான் இருக்கறீங்க."

அது என் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "யாரு, நானா? விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சு ஆறு தறி பாக்கறவ, உக்காந்தா இருக்கறேன்? எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு!" வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் டிபன் பையைத் தூக்கிக்கொண்டு மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. உக்காருறதைக் குத்தம் சொல்லல. முப்பது அடி நடந்தா நின்னுடறீங்க. நிக்கும்போது துடிப்பு தாறுமாறா ஓடுது. அடங்க ரொம்ப நேரமாகுது. அதுக்கப்புறந்தான் உக்காருறீங்க."

டாக்டர் தலையை ஆட்டினார். "இ.சி.ஜி. நல்லா இருக்கே. பட்டையில கோளாறா இருக்கும், இந்தப் பதிவைக் கணக்குல இருந்து எடுத்துருங்க. நீங்க போலாம்மா."

தப்பித்தேன். மானம் போகவில்லை. விறுவிறுவென்று படி இறங்கினேன். பாதிப் படியில் திரும்பினால் ஆளைக் காணோம். மேலே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இறங்குகிற படியிலேயே மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு புள்ள" என்றார். அந்தப் படியில் ஏது வெயில்?

கையைப் பிடித்துத் திரும்ப மேலே கூட்டிக்கொண்டு போனேன். அத்தனை பேர் முன்னால், "பட்டை என் கையில இல்லீங்க டாக்டர். இவரு கையில இருந்துச்சு" என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இது உங்க பேருலயே, உங்க நல்ல இ.சி.ஜி.யோட சேந்து போயிருந்தா, இப்படித் துடிச்சாலும் நல்ல இதயந்தான்னு கம்ப்யூட்டரு கத்துக்கும்கா. நாளைக்கு வேற ஒருத்தருக்கும் அதையே சொல்லும்" என்றாள். ஊரில் யாரிடமும் பேச்சு வாங்காத நான் அன்றைக்கு நின்று வாங்கிக்கொண்டேன்.

அவருக்கு எடுத்த இ.சி.ஜி.யில் தெரிந்துவிட்டது. இதயத்தின் மேல் அறை துடிக்காமல் நடுங்குகிறதாம். விட்டிருந்தால் உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்குமாம். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"சோம்பேறின்னா திட்டோட உட்டுருவ. நோயாளின்னா வெறுங்கஞ்சியத்தான ஊத்துவ" என்றார்.

இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறார். கஞ்சியும் ஊற்றுகிறேன். அந்தப் பெண் திரும்ப வந்து எனக்குப் பட்டை கட்டினாள். இந்த முறை மேல்கையில், நூலில் மாட்டாத இடமாகப் பார்த்து. ஏழு நாளும் என் உடம்பிலேயே இருந்தது. "உக்காரவே மாட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். அந்தப் பதிவை அச்செடுத்த தாளை வாங்கி வந்து பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஆளைப் பார்த்தே நோவைச் சொல்லிவிடுவேன் என்று இப்போது யாரிடமும் சொல்வதில்லை. இன்றைக்கும் அவர் படியில் நின்றால் எனக்கு வாய் சும்மா இருக்காது, திட்டத்தான் செய்கிறேன். ஆனால் அவர் மூச்சு அடங்கும்வரை அதே படியில் நானும் நின்றுகொண்டு திட்டுகிறேன்.