பெட்டியில் ஏறிய பேர்

ராசாங்கம் வீட்டை ஒட்டிய அந்தப் பக்கத்து அறையைப் பூட்டுவதைப் பார்க்க வேண்டும். பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பி, இரண்டு தடவை கீழே இழுப்பார். பிறகு சாவித்துவாரம் சுவரைப் பார்க்கும்படி பூட்டைத் திருப்பி வைப்பார். சைக்கிள் வரை நடந்து, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, என்னவோ நினைத்துக்கொண்டவர்போல வந்து மூன்றாவது தடவை இழுப்பார். திரும்பி வரும்போது துவாரம் வாசலைப் பார்த்திருந்தால் எவனோ கைவைத்திருக்கிறான் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது வாசலைப் பார்த்ததில்லை. அதற்காக அவர் யாரையும் நம்பிவிடவும் இல்லை.

அரியலூரில் சிமெண்ட் ஆலை எலக்ட்ரீசியன் அவர். அப்பா வீரமுத்து அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்தவர். மகன் சட்டைப் பையில் டெஸ்டர் சொருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். கையில் வேலை இருந்தது. மனசில்தான் எப்போதும் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான்.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில் அந்த அறைக்குள் பெட்டி வந்து சேர்ந்தது. ஆள் உயரம், முகப்பில் டிவி மாதிரி கண்ணாடி, நெஞ்சளவில் ஒரு ஸ்டீயரிங். திருச்சியில் வீடியோ கேம் கடை ஒன்று படுத்துப்போக, மூலையில் கிடந்ததை லாரியில் ஏற்றி வந்தவன் கொளஞ்சியப்பன். ராசாங்கத்தின் மனைவி செங்கமலத்துக்கு ஒரே தம்பி. தா.பழூரில் தாயில்லாமல் அக்காள் கையில் வளர்ந்தவன். இப்போது லாரி டிரைவர்.

ஏற்பாடு இதுதான். பெட்டியை மாமா ஓடவைப்பது. மச்சினன் அதை ஏற்றிக்கொண்டு திருமானூர், உடையார்பாளையம், பெரம்பலூர் என்று திருவிழாத் திருவிழாவாகக் கொட்டகை போடுவது. லாரி வேலையை விட்டுவிட்டு அரியலூருக்கே குடிவந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். செங்கமலம் பின்தெருவில் அவனுக்கு வீடுகூடப் பார்த்து வைத்துவிட்டாள். தம்பி கூப்பிடு தூரத்தில் இருப்பான் என்பதைத் தவிர அந்தப் பெட்டியில் அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டு மாதம் ராசாங்கம் பெட்டியோடு மல்லுக்கட்டினார். அடிப்பலகை ஊறி உப்பியிருந்தது. அறுத்தெடுத்து வேப்பம்பலகை வைத்தார். உள்ளே இருந்த கார் ஓட்டும் விளையாட்டின் போர்டு கருகிப்போயிருந்ததால் மெட்ராஸ் ரிச்சி தெருவுக்குப் போய் வேறொன்று வாங்கிவந்தார். வானத்திலிருந்து இறங்கும் பூச்சிகளைச் சுடுகிற விளையாட்டு. அதற்குப் படம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்பதால் பிக்சர் டியூபையே கழற்றிப் பக்கவாட்டில் திருப்பி மாட்டினார். ஸ்டீயரிங் ஓட்டையைப் பலகை வைத்து அடைத்து, அதில் ஒரு இரும்புக் குச்சியை நட்டார். சுடுவதற்குக் காலிங் பெல் சுவிட்ச்.

கொளஞ்சியப்பன் வரும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பான்.

"எந்த ஒயரு எங்க போவுதுன்னு ஒரு தடவ சொல்லிக்குடுங்க மாமா. நடுவழியில நின்னுபோச்சின்னா நான் இதுகிட்ட என்ன பேசறது?"

"பேச வேணாம். ஓட்டுனா போதும்."

"அப்ப இந்த ரூமோட ரெண்டாவது சாவியாவது குடுங்க."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. கற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் நான் எதற்கு? இவ்வளவு நல்ல பெட்டி திருச்சியில் கேட்பாரற்றா கிடந்திருக்கும்? ராசாங்கம் ஷிப்டில் நின்றுகொண்டு இதையே மென்றார்.

போர்டு விற்ற கடைக்காரர் மூன்று நாள் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு உயிரூட்டினார். படம் உருளாமல் நிற்கிறதா என்பதிலேயே முதல் ஒரு மணி நேரம் போயிற்று; திரையில் வந்துபோன எழுத்துகளை அவர் படிக்கவில்லை. நின்றதும் விளையாட ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆட்டம் முடிவிலும் பெட்டி பேர் கேட்டது. மூன்றே எழுத்து, இங்கிலீஷில். ஊர், அப்பா, பேர் என்று மூன்று எழுத்தில் பேர் எழுதும் நம் வழக்கம் இந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு ஒரே வியப்பு. ஏ.வி.ஆர். என்று போட்டார்: அரியலூர் வீரமுத்து ராசாங்கம். பொழுது சாய்வதற்குள், அதிகம் எடுத்தவர்கள் பட்டியலின் ஐந்து வரியிலும் அவர் பேரே நின்றது. ஓடுகிற பெட்டியை அப்படியே விட்டு அறையைப் பூட்டினார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டு முடிந்து மத்தியானம் வந்தார். துவாரம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பூச்சிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பட்டியல் வந்தது. ஏ.வி.ஆர். ஒரு வரியில்கூட இல்லை. முதல் வரியில் டி.ஏ.கே.

தா.பழூர் அரியமுத்து கொளஞ்சியப்பன்.

மற்ற நாலு வரியிலும் வேறு வேறு எழுத்துகள். எம் என்றால் மீன்சுருட்டிக்காரன். எஸ் என்றால் செந்துறை. கூட்டாளிகளையும் அல்லவா கூட்டி வந்திருக்கிறான்!

"காலையில யாரு வந்தா?"

"யாரும் வரலியே" என்றாள் செங்கமலம்.

"நீ வூட்லயேதான் இருந்தியா?"

"மாவு மில்லுக்குப் போனேன். வர ஒரு மணி நேரமாயிடிச்சி."

"ஆங்" என்றார் ராசாங்கம். ஒரு மணி நேரம் போதாதா?

மறுநாள் கொளஞ்சியப்பன் கொட்டகையில் கட்டுவதற்குக் கலர் பல்பு சரம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி வந்தான்.

"மாப்ள, நேத்து எங்க இருந்த?"

"விருத்தாசலத்துல லோடு எறக்கிக்கிட்டு இருந்தேன். ஏன் மாமா?"

"விருத்தாசலத்துல இருந்துகிட்டே இங்க பேரு எழுதிட்டியா? நல்ல நீளமான கைதான்."

அறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். கொளஞ்சியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இது நான்னு எழுதியிருக்கா? டி.ஏ.கே.ன்னு ஊருல எத்தினி பேரு இருப்பான்!"

"எங்கிட்ட சாவி கேட்ட டி.ஏ.கே. ஒருத்தன்தான்."

"பூட்டு நீங்க திருப்பிவெச்ச மாதிரியேதான மாமா இருந்திச்சி?"

"அது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"டீக்கடையில போயி கேளுங்க, எல்லாருக்கும் தெரியும். மாமனாரு பொண்ணு குடுத்தாரே, அதையும் செவுத்தப் பாத்துத்தான் திருப்பி வெச்சிருக்காருன்னு சிரிக்கிறானுங்க."

செங்கமலம் குறுக்கே வந்தாள். "அவன் வரலங்க. எந் தாலிமேல சத்தியமா வரல."

"நீ சும்மாரு. அக்காளும் தம்பியும் பேசிவெச்சிக்கிட்டு ஆடறீங்களா?"

கொளஞ்சியப்பன் பல்பு சரத்தைச் சுருட்டிப் பெட்டியின் தலையில் வைத்தான். அக்காளைப் பார்த்து, "வரேங்க்கா" என்றான். அவள் வாசல் வரை போனாள். லாரி சத்தம் மறைந்த பின்னும் உள்ளே வரவில்லை. பின்தெரு வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

ஆடியில் ராசாங்கம் லீவு போட்டு, வாடகை வண்டியில் பெட்டியை ஏற்றித் தனியாகத் திருமானூர் போனார். கூட்டம் நெரித்தது. ஆனால் டீ குடிக்கப் போகக்கூட பெட்டியை யாரிடம் விட்டுப்போவது? மூன்றாம் நாளே பெட்டி அறைக்குத் திரும்பியது.

அடுத்த வருஷம் கொளஞ்சியப்பனுக்கு விருத்தாசலத்தில் கல்யாணம். பத்திரிகை அக்காளுக்கு ஆள் மூலம் வந்தது. மாமன் பேர் அதில் இல்லை. செங்கமலம் காலை பஸ்ஸில் தனியே போய்ச் சாயங்காலம் வந்தாள்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் பெரம்பலூருக்கு ஒரு வேலையாகப் போனவர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் அதே விளையாட்டைப் பார்த்து நின்றார். அமிர்தலிங்கம் என்பவர் கடை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திட்டிக்கொண்டே வெளியேறினார்கள். கால் மணி கழித்துக் கரண்ட் வந்ததும் பெட்டி தானாக விழித்துக்கொண்டது. பூச்சிகள் இறங்கின. பட்டியல் வந்தது. முதல் வரியில் டி.ஏ.கே.

"யாருங்க இது?" ராசாங்கம் கடைக்காரரைக் கேட்டார்.

"எவன் கண்டான்? கரண்ட் போனா இதுக்கு எல்லாம் மறந்துடும்ங்க. யாரு ஆடுனது, எவ்ளோ எடுத்தது, ஒண்ணும் இருக்காது. செஞ்ச கம்பெனிக்காரனுங்க எழுதிவெச்ச பேருதான் திரும்ப வந்து நிக்கும். ஜப்பான்காரனா இருக்கும்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் ராசாங்கம் நின்றுகொண்டே வந்தார். வீட்டில் செங்கமலம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால, அந்தத் திங்கக்கெழம... இங்க கரண்ட் போச்சா?"

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போச்சி. இல்லாட்டி மில்லுல ஒரு மணி நேரம் எதுக்குக் குந்திக்கெடந்தேன்?"