ராஜரத்தினம் அண்ணாச்சி செல்ஃப் மோட்டார் மாற்றிய கதை

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மிக்ஸி ஓடாவிட்டாலும் மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும் ராஜரத்தினம் அண்ணாச்சியைத்தான் கூப்பிடுவோம். நூல் மில்லில் ஃபிட்டர். கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடுவார். ஆனால், "எவன் இதைத் தொட்டது?" என்று வீட்டுக்காரரை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார். ஒரு பொருள் கெட்டால் அதைக் கெடுத்த ஆள் ஒருத்தர் இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த ஆள் அவராக இருந்ததே இல்லை.

வீட்டில் டீசலில் ஓடும் குட்டியானை ஒன்று உண்டு, சின்ன சரக்கு வண்டி. ஓட்டுவது அவர் மனைவி மாரிசெல்வி மதினி. சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள் யாரும் அண்ணாச்சியின் வாய்க்குத் தாக்குப்பிடிக்கவில்லை. கடைசியில் மதினியே லைசென்ஸ் எடுத்து, தறிக்கூடங்களில் பேண்டேஜ் துணிக் கட்டுகளை ஏற்றி கம்பெனிகளில் இறக்க ஆரம்பித்தார். எங்கள் குறுகிய சந்தில் அவர் ரிவர்ஸ் எடுப்பதை நின்று பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். 'குட்டியானை அக்கா' என்றால் கம்பெனி வாசல்களில் எல்லோருக்கும் தெரியும். அதில் மதினிக்கு உள்ளூரப் பெருமைதான்.

வைகாசியில் வண்டி மக்கர் செய்யத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் எடுக்காது. தெருக்காரர்கள் சேர்ந்து தள்ளுவோம். ஒருநாள் காலையில் அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது, மில்லுக்குக் கிளம்பிய அண்ணாச்சி வாசலில் நின்று கத்தினார்.

"ஏட்டி, வண்டி ஸ்டார்ட் ஆன பொறவும் சாவியை விடாமத் திருக்கிக்கிட்டே இருந்தா மோட்டார் கருகாம என்ன செய்யும்? பொம்பளை கையில வண்டியைக் குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்."

நாங்கள் சிரித்தோம். கையில் பால் தூக்கோடு வந்த எதிர்வீட்டுப் பாண்டிதுரை, "மதினி, அண்ணாச்சி மேல உள்ள கோவத்தைச் சாவி மேல காட்டுதாக," என்றான். அதற்கும் சிரித்தோம். மதினி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அன்றைய லோடை இறக்கிவிட்டு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். மறுநாளிலிருந்து ஒரு கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்கு நடந்தே போனார். யார் கேட்டாலும், "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுல்ல," என்பதுதான் பதில்.

அண்ணாச்சி அசரவில்லை. புது மோட்டார் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்ற இறங்கினார். டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து, பழைய மோட்டாரைக் கழற்றினார். புதியதை மாட்டினார். பேட்டரி வயரை மறுபடி முடுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

'டக்.' அதே சத்தம்.

"கடைக்காரன் டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்," என்றார். எனக்கு ஒரு சந்தேகம். "அண்ணாச்சி, பழசுக்கு நேரா கரண்ட் குடுத்துப் பாப்பமா?" என்றேன்.

பழைய மோட்டாரைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார். மோட்டார் துள்ளிக்கொண்டு சுற்றியது. ஒரு கருகலும் இல்லை. படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதினி தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எர்த் வயரை வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில் முடுக்கியிருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றது. போல்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்.

அது அவரே அடித்தது. சித்திரையில் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்ட வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோகும் முன், வயரைக் கழற்றி ஒரு இடம் விடாமல் அடித்து, பெயிண்டின் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார். பெயிண்ட் தடுத்ததில், லைட் எரியும் அளவுக்குக் கரண்ட் போனது, செல்ஃப் சுற்றும் அளவுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு தெரிந்ததும் வயரை முடுக்கிச் சாவியைத் திருப்பினார். தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. சத்தம் கேட்டு நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"புது மோட்டார்னா புது மோட்டார்தான்," என்றான் பாண்டிதுரை. "அண்ணாச்சி, இதையாவது மதினி கையில குடுக்காதிய."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. நான் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். மதினி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பின் அண்ணாச்சி சாவியோடு உள்ளே போனார். வாசலில் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"செல்வி, மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுது."

"தெருவுல வச்சுத்தானே சொன்னிய. இப்ப எதுக்கு அடுப்படிக்குள்ள வந்து சொல்லுதிய?"

மறுநாள் காலை, ஜனம் வேலைக்குக் கிளம்பும் நேரம். அண்ணாச்சி வண்டி அருகில் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. மிஷினைத் தவிர எதற்கும் குனிந்து பழகாத மனிதர். பாண்டிதுரையைக் கூப்பிட்டார், என்னைக் கூப்பிட்டார், போனவர் வந்தவரையும் நிறுத்தினார்.

"மோட்டார் கருகலை. எர்த் இருக்க எடத்துல நான்தான் பெயிண்ட் அடிச்சுட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. தெரியாம எல்லார் முன்னாலயும் அசிங்கமாப் பேசிட்டேன்."

"அட விடுங்க அண்ணாச்சி," என்றான் பாண்டிதுரை. "வேலைன்னு செஞ்சா அப்படி இப்படி ஆகத்தான் செய்யும்." எல்லோரும் தலையாட்டினோம். ஒருவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

மதினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கி வந்து அண்ணாச்சியின் கையிலிருந்து சாவியை வாங்கினார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கியர் போடும் முன் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"நான் கெடுத்தேன்னு சொன்னப்ப அம்புட்டுப் பேரும் சிரிச்சிய," என்றார். "இப்ப ஒருத்தருக்கும் சிரிப்பு வரலையே."

வண்டி தெருமுனையில் திரும்பிப் போனது. அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் அப்படித்தான் நின்றோம்.