நீர் மாத்திரையும் மஞ்சுளாவின் மெட்டியும்

என் மனைவி மஞ்சுளாவின் இதய நோய் முதலில் அவள் கால் விரலில்தான் தெரிந்தது. நடவு முடிந்து வந்து குளிக்கும்போது மெட்டியைச் சுழற்றி, அடியில் சேர்ந்த சேற்றைக் கழுவுவது அவள் வழக்கம். அன்றைக்கு மெட்டி சுழலவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாள், நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தாள். விரல் சதைக்குள் அது உட்கார்ந்துவிட்டது.

"சேத்துல நின்னு நின்னு காலு ஊதிக்கிச்சு" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எங்கள் பக்கம் நடவு நடும் பெண்களுக்குக் கால் ஊதுவது புதிய சங்கதி ஒன்றுமில்லை.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்தால் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நிற்பாள். படுத்தால் இருமல் வருகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். சளி என்று நினைத்து மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இதயம் பலவீனம் என்று சொல்லிக் கை நிறைய மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். நான் மருத்துவன் இல்லை. உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையில், வீட்டை ஒட்டியே பட்டறை வைத்து, எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். எங்களுக்குச் சொன்ன மருந்தும் அளவும் எங்களுக்கானவை. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ (ஒலி அலைகளைக் கொண்டு இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். திரையில் ஏதோ ஒன்று மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. அதுதான் மஞ்சுளாவின் இதயம் என்றார். தூக்கக் கலக்கத்தில் வேலை செய்வதுபோல அசைந்தது.

"இது ஹார்ட் ஃபெயிலியர்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். இதயச் செயலிழப்பு என்று இதைத் தமிழில் சொல்கிறார்கள் (இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம்). முன்னே தள்ளாத ரத்தம் பின்னே தேங்குமாம். அதிலிருந்து கசியும் நீர்தான் காலிலும் நுரையீரலிலும் இறங்குகிறது. ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். சிலருக்குக் காரணமே தெரியாது என்றார். காரணம் தெரியாமல் ஒரு மோட்டாரை நான் திருப்பிக் கொடுத்ததே கிடையாது. என் மனைவியை அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

மாத்திரைகளைப் பற்றி எங்களுக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஒன்று, ஏஸ் இன்ஹிபிட்டர் (ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பது). குழாய் இறுக்கமாக இருந்தால் மோட்டார் முக்கும், விரிந்தால் சுலபமாகத் தள்ளும். இது எனக்கு உடனே புரிந்தது. ஆனால் இதைச் சாப்பிட ஆரம்பித்ததும் மஞ்சுளாவுக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. திரும்பப் போய்ச் சொன்னோம். சிலருக்கு இந்த மருந்தே இருமலைக் கொண்டுவருமாம். அதே வேலையைச் செய்யும் வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், இருமல் நின்றது.

இன்னொன்று, பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பது). இதில்தான் எனக்கும் டாக்டரம்மாவுக்கும் வாக்குவாதம் வந்தது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏற்கெனவே சோர்ந்துபோன இதயத்தை இன்னும் மெதுவாக ஓடச் செய்வதா என்று கேட்டேன். அவர் என் சட்டையில் இருந்த கிரீஸைப் பார்த்தார்.

"நீங்க மோட்டார் மெக்கானிக்கா?"

"காயில் கட்டறவன், டாக்டர்."

"வோல்டேஜ் கம்மியா இருக்கும்போது மோட்டாரை ஓட்டாதீங்கன்னுதானே நீங்களும் சொல்வீங்க? இவங்க இதயத்தை உடம்பு ஓடு ஓடுன்னு விரட்டிக்கிட்டே இருக்கு. அந்த விரட்டலை இந்த மாத்திரை தடுக்குது. முதல்ல கொஞ்சம் அசதியா இருக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா ஆபத்து."

மருந்துச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, நீர் மாத்திரை (உடம்பில் தேங்கிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது). இருப்பதிலேயே சின்ன மாத்திரை அதுதான், வெள்ளை நிறம். காலையில் போடச் சொன்னார்கள். இதில் எனக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. மஞ்சுளாவும் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு முனுசாமி அண்ணன் மாரடைப்பு வந்து பிழைத்தவர். அவர் தன் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ரத்தத்த இளக வெக்கறது, கொழுப்பக் கொறைக்கறது ரெண்டுமே எனக்குக் குடுத்துக்கீறாங்க. மஞ்சுளாவுக்கு ஏன் குடுக்கல? இந்தா, எங்கிட்ட நெறைய கீது" என்றார். நல்ல மனசுதான். ஆனாலும் டாக்டரிடம் போனில் கேட்டேன். முனுசாமி அண்ணனுக்குக் குழாயில் அடைப்பு, அதனால் ரத்தம் உறையாமல் தடுப்பதும் கொழுப்பைக் குறைப்பதும் அவருக்கு வேண்டும். மஞ்சுளாவுக்குக் குழாய் சுத்தமாக இருக்கிறது, தசைதான் பலவீனம். இருவருக்கும் இதய நோய் என்றாலும் மருந்து வேறு. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் வாயில் போடாதீர்கள்.

மருந்து வேலை செய்தது. கால் வீக்கம் வற்றியது. மெட்டி மறுபடி சுழன்றது. முகத்தில் களை வந்தது. நடவு ஆரம்பித்ததும் அவள் கை சும்மா இருக்கவில்லை. கனமான வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நாத்துக் கட்டுத் தூக்கமாட்டேன். நட்டுக்கினு மட்டும் வரேன்யா. வூட்ல குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும் எனக்கு" என்றாள். அவள் நடவுக் குழுவில் காசியம்மாள் என்று ஒரு அக்கா இருந்தார். தான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். தினமும் காலையில் மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் கொட்டி, தண்ணீர்ச் சொம்பை நீட்டி, அவள் வாயில் போடுவதைப் பார்த்த பிறகுதான் நான் பட்டறையைத் திறப்பேன்.

ஒரு மத்தியானம் நடவுப் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்த காசியம்மாள் அக்காவின் கை முழுக்கச் சேறு. "குனிஞ்சவ நிமிரல, நைனா. மூச்சு வுட முடியலன்னா" என்று அழுதார்.

ஆம்புலன்ஸில் மஞ்சுளாவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். மூச்சில் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிக் கழற்றி எறியப் பார்த்தாள். அவள் கையை நான் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு எந்தச் சாமி பெயரும் நினைவுக்கு வரவில்லை. போகாதே, போகாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெளியே கேட்டதா என்றுகூடத் தெரியாது.

அவசரப் பிரிவில் ஊசி போட்டார்கள், குழாய் பொருத்தினார்கள். காலைப் பார்த்த நர்ஸ், "விரல் கறுத்துப்போகுது. இந்த மெட்டியை வெட்டியே ஆகணும்" என்றார். கட்டர் எப்போதும் என் பாக்கெட்டில் இருக்கும். எடுத்தேன். பேச முடியாமல் கிடந்தவள் முகமூடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினாள்.

"வாணாம்யா... அறுக்காத."

"நீ இருந்தாதான்மே மெட்டி."

எத்தனையோ செம்புக் கம்பியை வெட்டிய கட்டர் அது. அந்த மெல்லிய வெள்ளியில் இரண்டு முறை வழுக்கியது. கட்டியவன் உயிரோடு இருக்கும்போது மெட்டியை அறுப்பதை எங்கள் ஊரில் யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். நான் என் கையாலேயே செய்தேன், இரண்டு காலிலும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் அங்கேயே சத்தம் போட்டு அழுதேன்.

பிறகு கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீரை வெளியேற்றும் மருந்தையே நரம்பில் ஊசியாகப் போட்டிருந்தார்கள். பை நிறைய நிறைய அவள் மூச்சு சீராகும் என்றார்கள். ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுக்காகக் காத்திருப்பவன் போலக் காத்திருந்தேன். சொட்டு நின்றுவிட்டதோ என்று அடிக்கடி குனிந்து பார்த்தேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். "மாத்திரை எதையாவது விட்டீங்களா?" என்று கேட்டார்.

"என் கையாலதான் குடுக்கறேன், டாக்டர். என் எதிர்லதான் முழுங்குது" என்றேன் நான், குரலை உயர்த்தி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சுளாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க சொல்லுங்கம்மா. நான் திட்டமாட்டேன்."

மஞ்சுளா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தச் சின்ன மாத்தரைய மட்டும் நடவு கீற நாள்ல முழுங்கமாட்டேன், டாக்டரம்மா. நாக்குக்கு அடில வெச்சிக்கினு, இவரு அந்தாண்ட போனதும் துப்பிடுவேன்."

"ஏம்மா?"

"அத்தப் போட்டா சும்மா சும்மா ஒண்ணுக்கு வருது. வயல்ல நான் எங்கம்மா போறது? ஒரு மரம் மட்டை கெடையாது, வெட்டவெளி. வரப்பு மேல நாத்து வீசறவன், டிராக்டர்காரன் எல்லாம் நின்னுக்கினு கீறான். நாங்க வரிசையா நின்னு பின்னாடியே நவுந்து நட்டுக்கினு வருவோம். ஒருத்தி கரை ஏறிட்டா அவ எடத்தையும் சேத்து மத்தவளுங்க நடணும். இன்னான்னு சொல்லிட்டு ஏறுவேன்? நாங்க யாருமே வூட்டுக்கு வர்ற வரைக்கும் தண்ணிகூடக் குடிக்கமாட்டோம்."

எனக்கு அவளைத் திட்ட வேண்டும்போலவும் இருந்தது, அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இத்தனை வருஷமாக அவள் குழுவில் ஒருத்திகூடப் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உயிரைவிட மானம் பெரிதா என்று கேட்க வாயெடுத்தேன். அந்த வெட்டவெளியில் என்னை நிறுத்திப் பார்த்தேன். கேட்கவில்லை.

டாக்டரம்மா, "வேலை முடிஞ்சு எப்போ வீட்டுக்கு வருவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"உச்சி சாஞ்சா வந்துடுவோம்."

"அப்போ வந்ததும் போட்டுக்கலாமே. ராத்திரி எழுந்து எழுந்து போகக் கூடாதுன்னுதான் காலையில எழுதறோம். மத்தியானம் போட்டாலும் அது வேலை செய்யும்."

மஞ்சுளா அவரையே பார்த்தாள். "அப்டி மாத்திக்கலாமா?"

"என்னைக் கேட்டுட்டு மாத்திக்கலாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு மெதுவாக, "ஆனா இனிமே நடவு வேண்டாம்மா" என்றார்.

அந்த ஒரு மாற்றம் முதல் நாளே கிடைத்திருந்தால் என்று நினைத்து நினைத்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டாவது எக்கோவில் இதயம் முன்னைவிடத் தளர்ந்திருந்தது. போனதில் எவ்வளவு திரும்பும், திரும்புமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மருந்தைச் சரியாகச் சாப்பிட்டால் பல காலம் இருப்பவர்களும் உண்டு என்றார்கள். "உண்டு" என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு மாத்திரையை மறைத்தால், முதலில் கோபப்படாதீர்கள். அது அவர்களை என்ன செய்கிறது என்று கேளுங்கள். தலை சுற்றுகிறதா, இருமுகிறதா, போக இடமில்லையா? அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்களால் பெரும்பாலும் நேரத்தையோ அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். சொல்லாததை யாராலும் மாற்ற முடியாது.

உப்பைக் குறைக்கச் சொன்னதால் இப்போது எங்கள் வீட்டில் கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை. பழைய காயில் கம்பியை எடை போடும் தராசில் தினமும் அவளை நிறுத்துகிறேன். திடீரென்று எடை ஏறினால் அது நீர் என்று உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நீர் மாத்திரை. அதற்குப் பிறகு பட்டறையில் எந்த மோட்டாரையும் ஓட்டிப் பார்க்கமாட்டேன். பின்பக்கக் குளியலறையில் அவள் போகும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். கேட்டதும் மூச்சு விடுவேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைவிட நல்ல சத்தம் எனக்கு இப்போது கிடையாது.

அறுத்த மெட்டியைத் திருப்புட்குழியில் இருக்கும் எங்கள் மகள் எடுத்துப்போய்த் தட்டானிடம் பற்ற வைத்துக்கொண்டு வந்தாள். யார் போடுவது என்று பேச்சு வந்தது. "கல்யாணத்துல போட்டவருதான் போடணும்" என்று மஞ்சுளா காலை நீட்டினாள். போட்டேன்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலை மெட்டி சுழல்கிறதா என்று பார்ப்பதுதான். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிடுவாள். நான் கீழே குந்தி மெட்டியைப் பிடித்துத் திருப்புவேன். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். எங்களுக்கு நாள் அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த வருஷம், அடுத்த மாசம் என்று பேசுவதை நாங்கள் விட்டுவிட்டோம். அடுத்த நடவுக்கு யார் வயல் முதலில் என்று காசியம்மாள் அக்கா பேச்செடுத்தால் மஞ்சுளா எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இன்றைக்குக் காலையில் திருப்பும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. என் விரல் நின்றுவிட்டது.

"இன்னாயா?" என்றாள்.

நான் இன்னொரு முறை திருப்பினேன். சுழன்றது.